கிரேக்க ஜாடியில் ஒரு தேங்காய்

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் நான் கேலரி உதவியாளராகச் சேர்ந்து ப்ரொபேஷன் முடியாத நேரம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அந்த வேலை போனால் அம்மா நாங்கள் இருக்கும் இல்ஃபோர்டில் ஒருவருக்கும் முகம் கொடுக்க மாட்டார்.

அன்று எங்கள் மண்டபத்தில் தமிழ்ச் சங்க விழா. வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பதற்கான ஹாண்ட்லிங் டேபிளில் எனக்கு டியூட்டி. அதில் ஓவியம் தீட்டிய கிரேக்க ஜாடி ஒன்று. உடைந்து ஒட்டியதுதான், ஆனால் அசல். மேசையின் மறுமுனையில் ஒரு பிள்ளை ரோமானிய விளக்கைத் தூக்கியது. அதை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். ஜாடி வாழையிலையில் நின்றது. வாயில் மாவிலை, அதன்மேல் தேங்காய்.

பக்கத்தில் சங்கத் தலைவர். கோயில் நிர்வாக சபையிலும் இருப்பவர்.

"அண்ணை, என்ன இது?"

"நிறைகுடம், தம்பி. எங்கடை குடத்தை வீட்டில விட்டிட்டு வந்திட்டம். இது வடிவாக் கிடந்தது."

"தண்ணி விட்டீங்களோ?"

"சீச்சீ, அரிசிதான்."

பொருளுக்கு ஏதும் நடந்தால் நாங்கள் தொடக்கூடாது; பழம்பொருள்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் கன்சர்வேட்டரைக் கூப்பிட வேண்டும். வாக்கி-டாக்கியை எடுத்து, "கிரேக்க ஜாடியில் தேங்காய்" என்றேன். "திரும்பச் சொல்லு" என்றார் கன்சர்வேட்டர். சொன்னேன்.

தலைவர் விடவில்லை. "விளக்கேத்தும் வரைக்கும் ஒருத்தரும் எடுக்கேலாது!"

அவருக்குப் புரியவைக்க நினைத்தேன். "அண்ணை, இது வைன் ஊத்தி வைக்கிற ஜாடி. படத்தில நிக்கிறவையும் குடிச்சிட்டு ஆடுற ஆக்கள்."

"கள்ளு முட்டியோ! இதிலயோ நான் தேங்காய் வைச்சனான்!"

ஜாடியைத் தூக்க இரண்டு கைப்பிடிகளையும் நோக்கிப் பாய்ந்தார். ஒட்டிய இடமே அதுதான்.

"கைப்பிடியில தொடாதீங்கோ!"

மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்திவிட்டேன்.

"அப்ப நான் என்னடாப்பா செய்யிறது?"

"கையைப் பின்னால கட்டிக்கொண்டு நில்லுங்கோ."

நின்றார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த வெள்ளைக்காரப் பிரதம விருந்தினர் அதுதான் எங்கள் முறை என்று நினைத்து, தானும் கையைப் பின்னால் கட்டினார்.

கன்சர்வேட்டர் வந்து, கையுறை போட்டு, தேங்காயை ஏந்தி எடுத்துப் பஞ்சுமெத்தையில் வைத்தார். மாவிலையை ஒவ்வொன்றாக உருவினார். அரிசியைச் சின்னத் தூரிகையால் ஒதுக்கி எடுத்தார். "எங்கடை ஐயரை விட இவ ஆசாரம்," என்றார் தலைவர் என் காதில். கையை மட்டும் அவிழ்க்கவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"விருந்தாளியைப் பார்த்துக் கத்தினாயாமே?"

"ஓம்."

"ஜாடி?"

"முழுசா இருக்கு."

வேலையை நிரந்தரமாக்கினார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பொருளின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கும் முன், கேட்பவரின் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.