இழுவைப் படகுக்குப் போகாத குரல்

பிரசவ வார்டிலிருந்து கதைக்கும் ஒரு பெண்ணின் குரலைப் பாதியில் மறித்துவிட்டுச் சிரிக்க ஒரு மனிதனுக்கு எப்படி மனம் வந்தது? இப்போது எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். அவனை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தும் விடை கிடைக்கவில்லை.

திருமணத்துக்கு முன் திருகோணமலைத் துறைமுகத்தில், இழுவைப் படகுகள் வைத்திருந்த ஒரு கம்பனியின் வயர்லெஸ் அறையில் வேலை செய்தேன். படகிலிருப்பவர் மைக்கிலுள்ள நட்சத்திரப் பொத்தானையும் பிறகு எண்களையும் அமர்த்தினால், மலையுச்சியிலுள்ள வயர்லெஸ் கம்பம் வழியாக எங்கள் அறையிலிருந்த இணைப்புப் பெட்டி தொலைபேசி இணைப்பைக் கொடுக்கும். இன்னொரு பொத்தானில் விரல் பட்டால் இணைப்பு விழுந்துவிடும். ஈரக்கை வழுக்கி அப்படி அடிக்கடி நடப்பதால், கதை அறுந்தால் படகுக்காரர்கள் தங்கள் விரலைத்தான் திட்டுவார்கள். நாங்கள் 'சேர்' என்று அழைத்த எங்கள் மேலதிகாரிக்கு இது நன்றாகத் தெரியும். அவருடைய மேசையிலிருந்தும் ஒரு கட்டளை எண்ணை அமர்த்தலாம். அமர்த்தினால் இரண்டு பக்கக் குரலும் எங்கள் அறையில் மட்டும் கேட்கும். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் போகாது. பொழுது போகாதபோது அது அவருக்கு விளையாட்டு.

கிண்ணியாவைச் சேர்ந்த, படகில் இஞ்சின் பார்க்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் 'நானா' என்று அழைப்பவர், அன்று படகோடு வெளிக்கடலில் நின்றார். ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவி, தாதியின் தயவால் தொலைபேசிக்கு வந்திருந்தார். "ஒபரேசன் எண்டு சொல்றாங்க. பயமா இரிக்கி," என்றார். "பயப்படாத புள்ள, நான் வந்திருவன்," என்றார் நானா. சேர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு எண்ணை அமர்த்தினார்.

"பொண்டாட்டியக் கொஞ்சுற இடமா இது? இனிப் பாரும், ஆள் துள்ளுவான்."

அறைக்குள் அந்தப் பெண்ணின் குரல் தொடர்ந்தது. "பொம்புளப் புள்ளயெண்டா மௌத்தான எங்கட உம்மாட பேர வைங்க. கேக்குதா? ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்களன்."

படகிலிருந்து நானா "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"சேர், பாவம், விடுங்கோ," என்றேன்.

"உமக்கென்ன, நீரா பெறப்போறீர்?"

தாதி அந்தப் பெண்ணை அழைத்துப்போகும் சத்தம் கேட்ட பிறகுதான் சேர் தொலைபேசியைத் துண்டித்து, படகோடு கதைத்தார். "சேர், என்ட விரல்தான் பட்டுட்டு போல. மன்னிச்சிக்கங்க," என்றார் நானா. "பாத்து அமத்தும் நானா, எல்லாருக்கும் பொதுவான லைன்," என்று சேர் கண்டிப்பாகச் சொன்னார்.

குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. நானா மகளுக்கு, மனைவியின் இறந்துபோன தாயின் பெயரை அல்ல, தன் தாயின் பெயரை வைத்தார்.

சென்ற கிழமை அந்த மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவள் என் மகனோடு முற்றத்தில் விளையாடினாள். "தங்கச்சி, நீங்க அந்த ரூமில இருந்தநீங்கதானே? அவ என்னமோ சொல்ல வந்தா. இந்த நாசமாப்போன விரல் வெட்டிப்போட்டுது. உங்களுக்கு ஏதும் கேட்டதா?"

"யோசிச்சுச் சொல்லுறன் நானா," என்றேன்.

பெயரை மட்டும் சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அது எனக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்று கேட்பாரே. உண்மையைச் சொன்னால், மறுநாள் காலையும் நானா சேருக்கு முன்னால்தான் போய் நிற்கவேண்டும். இன்றும் நானாவுக்குச் சேருக்குக் கீழேதான் வேலை. பிறகு ஆத்திரத்தில் நானா சேரை ஏதும் செய்துவிட்டுச் சிறைக்குப் போனால் அந்தப் பிள்ளைக்கு யார்? சொல்லாவிட்டால், மனைவியின் கடைசி ஆசையைத் தானே அறுத்ததாக நினைத்தே அவர் சாவார்.

நோன்புப் பெருநாள் முடிய மறுபடி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். என் இடத்தில் நீங்கள் இருந்தால் அவருக்கு என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து அதற்குள் எழுதுங்கள்.