சிரிக்கக் கூடாத நாற்காலி

முகத்தில் ஒன்றையும் காட்டாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்கு ஆய்வகத்தில் வேலை. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். மார்பில் நாடித்துடிப்பை அளக்கும் பட்டி கட்டியிருக்கும். கேமராவுக்கும், இவளும் இன்னொருவருமாக வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு பேருக்கும் முன்னால் நின்று ஐந்து நிமிடம் தங்களைப் பற்றிப் பேச வேண்டும். முன்னும் பின்னும் எச்சில் எடுத்து, பயம் உடம்பை எவ்வளவு உலுக்கியது என்று பார்ப்பார்கள். எதிரில் இருப்பவர் லேசாகத் தலையாட்டினாலும் போச்சு, அளவு கெட்டுவிடும்.

அவளோ எதற்கெடுத்தாலும் கெக்கெக்கே என்று சிரிக்கிறவள். முதல் வாரம் சிரிப்பை அடக்க உள்கன்னத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது. நாலு வருஷத்தில் பழகிவிட்டது; கூட வேலை செய்கிறவர்கள் 'கல்லுமூஞ்சி' என்று பட்டம் வைத்தார்கள். வீட்டுக்காரர் ஒருநாள், "சமையல் எப்படின்னு கேட்டேன். அந்த ஆபீஸ் மூஞ்சியக் கழட்டி வச்சுட்டுச் சொல்லு" என்றார்.

ஒரு நாள் பேச வந்த பெண் தன் பெயரையும் வகுப்பையும் சொன்னதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இருபது விநாடி காத்திருந்து, விதிப்படி, "இன்னும் நேரம் இருக்கு, பேசுங்க" என்றாள் இவள். திரையில் துடிப்பு நூற்று நாற்பத்தெட்டு.

"எங்க வீட்டுல ஃபோன் வந்தா நான்தான் பேசுவேன்" என்றாள் அந்தப் பெண் கடைசியில். "அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காது கேக்காது. ஏழு வயசுலயே டாக்டர்கிட்ட, பேங்க்ல, எல்லா இடத்துலயும் நான்தான் பேசினேன். அதெல்லாம் அவங்க பேச்சு. எனக்குன்னு பேசணும்னா என்ன சொல்றதுன்னே தெரியல."

கல்லுமூஞ்சி தலையாட்டிவிட்டாள். அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு, மணி அடித்த பிறகும் பேசினாள்.

தலையாட்டியதை ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவிடம் கல்லுமூஞ்சியே போய்ச் சொன்னாள்.

"கேமரா உங்க பக்கம் இல்லையே. நீங்க சொல்லலேன்னா தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே மேடம்."

"இந்தப் பொண்ணோட அளவு மொத்தமும் வீண்."

"ஆமா."

டாக்டரம்மா அந்தப் பதிவை அடித்துவிட்டார். மறுவாரம் அவளைக் கடைசி அறைக்கு மாற்றினார். பேசி முடித்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்து, உண்மையைச் சொல்லி அனுப்பும் அறை அது.

முதலில் வந்த பையனிடம், "நீங்க நல்லாத்தான் பேசினீங்க. சிரிக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு உத்தரவு" என்று சிரித்தாள்.

அவன் சந்தேகமாகப் பார்த்தான். "அப்போ நீங்க சிரிக்கணும்னு உத்தரவா?"

அவள் அடக்க முடியாமல் கெக்கெக்கே என்று சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான்.