ஃபேகத்தோ படுத்திய பாடு

மொழிபெயர்க்கிறவனுக்கு இரண்டு மொழி தெரிந்தால் மட்டும் போதாது, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கவும் தெரியவேண்டும். தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில் காலையில் வீடு துடைத்தேன், மத்தியானம் ஆஸ்பத்திரியில் எங்கள் சனத்துக்காக இத்தாலியன் கதைத்தேன். இதே பாவத்தைச் செய்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. என்னை அதிகம் படுத்தியது ஒரே சொல்: ஃபேகத்தோ. ஈரல்.

எந்த ஈரல்?

மன்னார் றீற்றா அக்காவுக்கு ஃபேகத்தோ கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மருந்தில் மாறிவிடும் என்றார் டொக்டர். ஈரல் வீக்கம் என்றேன். நுரையீரலோ மண்ணீரலோ என்று அக்கா கேட்டார். கல்லீரல் என்றதும் முகம் வெளிறிவிட்டது. எப்போது கல்லானது என்று கேட்டார். எல்லாருக்கும் பிறக்கும்போதே அதுதான் பெயர் என்றேன். அக்கா விடவில்லை.

"பிறக்கேக்கையே கல்லெண்டா, பிறகேன் வீங்கினது?"

மிளகு போட்ட துணிச்சல்

செல்வி மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவிடம், வீட்டுக்கார அம்மாவிடம், வேலை செய்தாள். நாயையும் குளிப்பாட்டு என்றபோது, முதல் தடவையாக மாட்டேன் என்றாள். இப்படி எதிர்த்துச் சொல்ல ஃபேகத்தோ வேண்டும் என்று சிஞ்ஞோரா சீறினார். எங்களுக்குப் பயத்தில் ஈரக்குலை நடுங்கும். இத்தாலியருக்கோ ஈரல்தான் துணிச்சல். செல்விக்கு விளங்கியது ஈரல் வேண்டும் என்பது மட்டுமே. வேலை போய்விடும் என்ற பயத்தில் இறைச்சிக்கடைக்கு ஓடி, ஆட்டீரல் வாங்கி, மிளகு போட்டுப் பிரட்டி மேசையில் வைத்தாள். பின்னேரம் போன் எடுத்தவளுக்கு அர்த்தத்தைச் சொல்லி, இப்போது வீட்டில் என்ன நிலைமை என்று கேட்டேன்.

"சட்டியை வழிச்சுச் சாப்பிட்டிட்டினம் அண்ணை. நாயை அவவே குளிப்பாட்டுறா."

அத்திப்பழம்

சியாகுல்லித் தோட்டத்தில் வேலை செய்த யோகநாதன் ஐயா ஈரலுக்குச் செய்த இரத்தப் பரிசோதனை முடிவு கேட்க வந்திருந்தார். மனைவி யாழ்ப்பாணத்தில், விசாவுக்குக் காத்திருந்தார். அன்றைய டொக்டருக்கு லத்தீன் பைத்தியம். அந்தக் காலத்து ரோமர்கள் வாத்துக்கு அத்திப்பழம் தீத்தி ஈரலைக் கொழுக்க வைப்பார்களாம். 'அத்திப்பழ ஈரல்' என்ற லத்தீன் பெயரில் ஈரல் உதிர்ந்து, அத்திப்பழம் மிஞ்சி, அதுவே ஃபேகத்தோ ஆனதாம். மனிதர் கையை ஆட்டி ஆட்டி விளக்க, ஐயா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வேர்த்தார். முடிவு என்ன என்று குறுக்கே கேட்டேன். தாளைப் பார்த்து, ஒன்றுமில்லை, அடுத்தவரை வரச்சொல் என்றார்.

வெளியே வந்து, வருத்தம் ஒன்றுமில்லை என்றேன். டொக்டர் அவ்வளவு நேரம் என்ன கதைத்தவர் என்று ஐயா கேட்டார். வாத்தையும் அத்திப்பழத்தையும் சொன்னேன். ஐயா என் கையைப் பிடித்தார்.

"மறைக்காமச் சொல்லும் தம்பி. எனக்கு இன்னும் எத்தினை மாசம்?"

சுகமாக இருக்கிறவனைச் சாகடிக்க ஒரு படித்த டொக்டர் போதும், ஆனால் பழி மட்டும் மொழிபெயர்த்தவனுக்கு.