இடது பக்கத்து நாற்காலி

நாங்கள் அவருக்கு நாற்காலியார் என்று பெயர் வைத்ததற்கு அவர் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது காரணமல்ல. அதற்காகப் பட்டம் கொடுப்பதென்றால் எங்கள் துறையில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டுத் தூதர்களுக்கு அரசு மதிய விருந்து வைக்கும்போது யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று வரைபடம் போடுவது அவர் வேலை. வெளியுறவுத் துறை, வரவேற்புப் பிரிவு, உதவியாளர். அதே அறையின் மூலையில் நான் பத்திரிகைக் குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

அவர் மேஜையில் நீளமான அட்டை ஒன்று இருக்கும். விளிம்பெல்லாம் கீறல் போட்டு, ஒவ்வொரு கீறலிலும் ஒரு பெயர்ச் சீட்டு. அதைச் செருகுவார், உருவுவார், கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். பென்சில் காதில் இருக்கும்போதே பென்சிலைத் தேடுவார். விருந்துக்கு ஒரு வாரம் முன்பே ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். துணை இயக்குநர்கள், திட்டக் குழு ஆட்கள், கருத்தரங்கில் கட்டுரை வாசித்தே தலை நரைத்த பேராசிரியர்கள். எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்தான்: இன்ன தூதருக்குப் பக்கத்தில் ஓர் இடம். அவர் வைத்தியரைப் போல, "எவ்வளவு நாளா இந்த ஆசை?" என்று கேட்பார். துறைமுகப் பிரிவில் ஒருவரை ஒரு தூதருக்குப் பக்கத்தில் இரண்டு தடவை உட்கார வைத்தார். மூன்றாவது மாதம் அந்த மனிதர் குடும்பத்தோடு விமானம் ஏறிவிட்டார்.

நாற்காலியாருக்கும் ஓர் ஆசை இருந்தது. எங்கள் துறையில் மூன்று வருடம் வெளிநாட்டுத் தூதரகத்தில் வேலை பார்த்தவர்தான் அதிகாரி ஆக முடியும். ஐம்பது வயதுக்குள் போக வேண்டும். போகாதவர் உதவியாளராகச் சேர்ந்து உதவியாளராகவே ஓய்வு பெறுவார். அவர் ஏழு தடவை விண்ணப்பித்தார். ஏழையும் பிரிவுத் தலைவர் தன் இழுப்பறையிலேயே வைத்துக்கொண்டார். "நீ போயிட்டா மேஜை யாருப்பா போடுவா?" என்று அவர் தோளில் தட்டியதை நானே பார்த்திருக்கிறேன். பாராட்டியே ஒருவரைப் பூட்டி வைக்கலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிரிவுத் தலைவரைத் தாண்டினால் செயலாளர். துறைக்கே தலைவர். அவர் அறைக்குள் போக உதவியாளருக்கு வழியில்லை. அந்தச் செயலாளரைப் பற்றி நாற்காலியாருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு: அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அதனால்தான் அறுக்கும் ஆட்களையெல்லாம் நாற்காலியார் அவருக்கு இடது பக்கம் போடுவார். உர ஆலோசகர் ஒருவர் இருந்தார். மூட்டைக் கணக்கை வாயில் அவிழ்த்தால் கட்டத் தெரியாது. அவருடைய நிரந்தர இடம் அந்த இடதுதான்.

ஒரு விருந்தன்று உர ஆலோசகர் பல்லைப் பிடுங்கிக்கொண்டதால் வரவில்லை. தலைமை மேஜையில் காலி நாற்காலி இருந்தால் வந்திருக்கும் தூதருக்கு அவமரியாதை. பிரிவுத் தலைவர் ஓடிவந்து, "கோட்டு இருக்கா? போய் உக்காரு" என்றார். கோட்டு என்னுடையது. கை இரண்டும் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டன. நாற்காலியார் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் செயலாளர். இருபது வருடம் அடுத்தவருக்காகப் போட்ட இடம், இன்று அவருக்கு. காது விஷயம் உங்களுக்கு நினைவிருக்கிறது. அவருக்கு அந்த நேரத்தில் இல்லை.

சூப் வந்ததும் ஆரம்பித்தார். ஏழு விண்ணப்பம், இழுப்பறை, வயது நாற்பத்திரண்டு, எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னார். செயலாளர் தலையாட்டினார். நடுநடுவே, "ரொம்ப நல்லது" என்றார். மீன் வந்தது. செயலாளருக்கு இடது பக்கம் நின்ற பரிமாறுகிறவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு, பதில் வராமல் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். அதைப் பார்த்துத்தான் நாற்காலியாருக்கு உறைத்தது. மீனைத் தொடவில்லை என்று பிறகு சொன்னார். நானாக இருந்தால் மீனையாவது சாப்பிட்டிருப்பேன்.

மறுநாள் செயலாளர் அறையிலிருந்து உத்தரவு வந்தது. நேற்று இடது பக்கம் இருந்தவர் மிகவும் நல்ல மனிதர், தொந்தரவே இல்லை, இனிமேல் அவரையே அங்கே போடவும்.

அப்படியே ஒன்பது வருடம் ஓடியது. செயலாளர்கள் அவ்வளவு நாள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மாற்றல் விஷயத்தை யாரோ இடது காதில் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். நாற்காலியாருக்குப் புதுக் கோட்டு வந்தது. தூதர்கள் அவரை யாரோ பெரிய கொள்கை வகுப்பாளர் என்று நினைத்துக் கை குலுக்கினார்கள். வலது பக்கம் தலைமை விருந்தினருக்கு மட்டும்தான். அங்கே தன்னைத் தானே போட்டுக்கொள்ள அவருடைய அட்டையிலும் கீறல் கிடையாது. "ஒரு சீட்டு எழுதி நீட்டுங்களேன் அண்ணே" என்றேன். "சாப்பிடற இடத்துல காகிதம் நீட்டறவன மறுநாள் அந்த மேஜையில பாக்க முடியாது தம்பி" என்றார்.

ஒன்று மட்டும் நடந்தது. செயலாளருக்குக் காது கேட்காதே தவிர வாய் நன்றாக இருந்தது. தன் முழங்கால் வலி, பேசாமல் போன மகன், அமைச்சரின் முட்டாள்தனம் எல்லாவற்றையும் இடது பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தார். பதில் சொல்லிப் பயனில்லை என்பதால் நாற்காலியார் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணி மட்டும் வீட்டில் குத்திக்கொண்டிருந்தார்: "வெளிநாட்டுக்காரங்களோட சாப்பிட்டுட்டுத்தான் வர்றார். வெளிநாட்டுக்குத்தான் போகல."

செயலாளர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி விருந்து. அன்று அவர் தன் நாற்காலியையே முழுதாகத் திருப்பிப் போட்டு, வலது காதை நாற்காலியார் பக்கம் கொண்டுவந்தார்.

"இத்தன வருஷத்துல எங்கிட்ட நீங்க ஒண்ணுமே கேட்டதில்லையே."

"கேட்டேன் சார்."

"எப்போ?"

"முதல் நாளே. சூப்புலேர்ந்து மீன் வரைக்கும்."

"நான் என்ன சொன்னேன்?"

"ரொம்ப நல்லதுன்னு சொன்னீங்க."

செயலாளர் கரண்டியைக் கீழே வைத்தார். விஷயத்தை மறுபடி முழுவதும் கேட்டார். கடைசியில், எந்த நாடு வேண்டும் என்றார். நாற்காலியார், எந்த நாடானாலும் பரவாயில்லை என்றார். "அப்படி ஒரு நாடு இல்லையேய்யா" என்று செயலாளர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லையாம்.

கடைசி வாரத்தில் செயலாளர் யாருக்கும் நியமன உத்தரவு போடக்கூடாது. சிபாரிசுக் கடிதம்தான் எழுதலாம். எழுதினார். நியமனப் பிரிவிலிருந்து பதில் வந்தபோது அவர் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. விண்ணப்பதாரர் வயது ஐம்பத்தொன்று, வரம்பு கடந்துவிட்டது. நாற்காலியார் அதைப் படித்துவிட்டு மடித்துக் கோப்பில் வைத்தார். பிறகு அடுத்த விருந்தின் சீட்டுகளைச் செருக ஆரம்பித்தார்.

புதுச் செயலாளருக்கு இரண்டு காதும் பழுதில்லை. அவருடைய முதல் விருந்திலேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய ஒருவர் வரவில்லை. நாற்காலியார் தன் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நீங்களே உட்காருங்களேன் என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "எனக்கு இனிமே கேக்க என்ன இருக்கு? நீ போ. சூப் ஆறறதுக்குள்ள சொல்லிடு" என்றார்.

சொன்னேன். நான்கு மாதத்தில் உத்தரவு வந்தது. மூன்று வருடம் வெளிநாடு, திரும்பியதும் அதிகாரிப் பதவி. வயது வரம்பைத் தளர்த்தச் செயலாளருக்கு அதிகாரம் உண்டு என்ற விதி எனக்குத் தெரியும். அதைத் தட்டச்சு செய்தவனே நான்தான். மீன் வரும்வரை நேரமும் இருந்தது. நான் எனக்கு மட்டும்தான் கேட்டேன். இதுவரை இதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்காததால்.

திரும்பி வந்தபோது அவர் உதவியாளராகவே ஓய்வு பெற்றிருந்தார். வீட்டுக்குப் போனேன். விதி விஷயத்தைச் சொல்லத்தான் போனேன், சொல்லவில்லை. அவருக்கு அந்த விதி தெரியாமல் இருந்திருக்குமா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அவர் கேட்டதெல்லாம், அங்கே தூதரகத்தில் விருந்து எப்படி நடக்கும் என்பதுதான். பழைய நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு என் முன்னால் வைத்தார். நினைவில் இருந்த ஒரு விருந்தை, யார் யார் எங்கே, ஜன்னல் எங்கே என்று வரைந்து காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த அம்மாவ ஜன்னல் பக்கம் போட்டிருக்கக் கூடாது தம்பி" என்றார். "வெயில் அடிச்சா யாருகிட்டயும் பேச மாட்டாங்க."