கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்?

என் அக்கா தேடுகிற பொருள் இருக்கிறதா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது. ஆக்சியன் என்று பெயர்; மிக இலேசான ஒரு துணிக்கை. நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் அது உண்டாகலாமாம். உண்டானால் யார் கண்ணிலும் படாமல் சூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடும். நட்சத்திரம் கணக்குப் போட்டதைவிடச் சீக்கிரம் எரிந்து தீரும். அப்படித் தீர்கிறதா என்று தொலைநோக்கிப் படங்களை வைத்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒரேயொரு இடம் இருந்தது. அது கிடைக்காவிட்டால் அக்கா டிக்கோயாவில் டியூஷன் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ள வேண்டும்.

நான் ஓ.எல் பரீட்சையோடு படிப்பை விட்டு நோர்வூட்டில் ஓட்டோ ஓட்டுகிறவன். அவள் நேர்முகப் பரீட்சைக்குத் தயாரான நாளெல்லாம் எனக்குக் கொண்டாட்டம்.

“தேடி, கெடைக்கலன்னா?”

“கெடைக்கலன்னாலும் அது ஒரு முடிவுதான்டா.”

“அப்ப எனக்கும் அந்த வேலைய வாங்கிக் குடு. நானும் கெடைக்கலன்னு சொல்றேன்.”

விளக்குமாறு பறந்து வந்தது.

நேர்முகப் பரீட்சை போனில்தான்; ஆனால் நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் சிக்னல் நிற்காது. அன்று காலை, மேட்டில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் ஓட்டோவை நிறுத்தினேன். அக்கா பின்சீட்டில் போனோடு உட்கார்ந்தாள்.

“வாயத் தொறந்த, கொன்னுருவேன்.”

ஆங்கிலத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஒரு பேராசிரியர் யாழ்ப்பாணப் பேச்சில் கேட்டார்: “தேடிப்போட்டு ஒண்டும் கிடைக்கேல்லையெண்டால் என்ன செய்வீர், பிள்ளை?”

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணாடியில் அக்கா என்னை முறைப்பது தெரிந்தது.

“சேர், எங்க ஆடு ஒண்ணு காணாமப் போச்சு. தம்பியத் தேட அனுப்புனோம். கடைக்கிட்ட நின்னு ரெண்டு தரம் கூப்புட்டுட்டு, இல்லன்னு வந்து சொன்னான். அது தேடுனதே இல்ல, சேர். நான் போயி ஆத்தோரம், கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளக் காம்பராவுக்குப் பின்னால, ஒவ்வொரு மலையாப் பாத்துட்டுத்தான் அங்கெல்லாம் இல்லன்னேன். அப்பறம் தேடுறவங்க அங்க அலைய வேணாம் பாருங்க. நட்சத்திரத்துலயும் அப்படித்தான். இல்லன்னு சொல்றதுக்கும் ஒழுங்காப் பாக்கணும், சேர்.”

போனுக்குள்ளே சிரிப்புச் சத்தம். பிறகு தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அக்கா சீட்டின் ரெக்சீனை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள். நான் திட்டக்கூட இல்லை.

“சரி பிள்ளை, நீர் வாரும்,” என்றார் அவர். “அந்தத் தம்பி மட்டும் எங்களுக்கு வேண்டாம்.”

நான் அடித்த ஹோர்னில், மடுவத்தில் நின்ற அக்காமார் கொழுந்துக் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னா தம்பி, என்னா விசேஷம்?”

“எங்க அக்கா இல்லாத ஒண்ணத் தேடப் போறா!”

“இல்லன்னு யாருடா சொன்னா?” என்று பின்சீட்டிலிருந்து என் தலையில் ஒரு குட்டு விழுந்தது. “இன்னும் பாக்கவே இல்ல!”