எல்லாரையும் மாமு என்ற இயந்திரம்

எங்கள் அலுவலகம் திருவொற்றியூரில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி எந்த யார்டில் நிற்கிறது, எப்போது கிளம்பலாம் என்று சொல்லும் மென்பொருளை ஐந்து பேர் சேர்ந்து எழுதுகிறோம். மற்றவர்கள் கல்லூரியில் கற்றவர்கள். நான் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டே கற்றவன். வாய் இருந்தா வள்ளூர் வரிக்கும் வழி கீது என்பார்கள் எங்கள் தெருவில். அப்படிக் கேட்டுக் கேட்டே இந்த நாற்காலிக்கு வந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து, சரி என்று சொன்ன பிறகுதான் ஏற்ற வேண்டும். ரிவ்யூ என்போம். படிக்க வேண்டியவர் 'பாக்குறேன்' என்பார். அந்தப் 'பாக்குறேன்' மணலி ரோட்டில் மாட்டிய டேங்கர் மாதிரி, நகரவே நகராது. எழுதியவர் நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படுகிறவர் பாடு திண்டாட்டம்.

இதைத் தீர்த்தவன் எங்களோடு வேலை செய்யும் காசிமேட்டுக்காரன். அவன் அம்மா மீன் விற்கிறவர். யாரும் கேட்காமலே உட்கார்ந்து, ரிவ்யூ நடக்கும் இடத்தையும் நாங்கள் அரட்டை அடிக்கும் குழுவையும் இணைத்துவிட்டான். யாராவது நிரலை அனுப்பினால் உடனே குழுவில் ஒரு செய்தி விழும். இத்தனை நாளாக இருந்தும் நமக்குத் தோன்றாதது எப்படி இவனுக்குத் தோன்றியது என்று வியந்தேன். அதைவிட வியப்பு, அந்த இயந்திரத்தை எங்கள் பாஷையில் பேச வைத்திருந்தான். யாரும் படிக்காமல் கிடந்தால், 'மாமு, கண்ணு கீதுல்ல, பாரேன்' என்றது. திருத்தச் சொல்லித் திரும்பி வந்தால், 'இன்னா மாமு, கலீஜா கீது' என்றது. சினிமாவில் எங்கள் பேச்சைக் கேலி செய்வார்கள். வாடிக்கையாளர் கூட்டங்களில் நாங்களே அதை ஒளித்துப் பேசுவோம். இங்கே ஒரு இயந்திரம் அதை மார்தட்டிப் பேசியது. எனக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த நிரல்கள் எல்லாம் அன்றன்றே பார்க்கப்பட்டன.

குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் ராயபுரத்து அக்கா. ரயில்வே குடும்பம். குழந்தை பிறந்து சில வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வந்தவர். விட்ட இடத்தைப் பிடிக்க அவருக்குக் கொஞ்சம் நாள் வேண்டியிருந்தது. அவர் அனுப்பியது மறுபடி மறுபடி திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் குழுவில் எல்லார் கண்ணிலும் படும்படி 'இன்னா மாமு, கலீஜா கீது'. கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். அக்காவையும் மாமு என்கிறதே என்று அதற்கும் சிரித்தோம்.

பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. நாள் முழுக்கத் தட்டச்சு செய்வார், மாலையில் கிளம்பிவிடுவார். ராயபுரம் வரை எங்கள் இருவருக்கும் ஒரே ஷேர் ஆட்டோ. ஒரு நாள் அதில் வைத்து மெதுவாகக் கேட்டேன்.

"எழுதி வெச்சிக்கினுதாம்பா கீறேன். அனுப்பத்தான் கை வரல. இந்த மாசத்தோட நின்னுக்கலாம்னு பாக்குறேன்."

எல்லாம் கிண்டல்தானே, டீக்கடையில் நாம் பேசாததா என்றேன்.

"நீ சொன்னா உன் மூஞ்சி தெரியும். திருப்பி ஒண்ணு குடுப்பேன். அந்த மிசினுக்கு நான் இன்னாத்த குடுக்குறது?"

காசிமேட்டுக்காரனிடம் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லிக்கோ என்றார்.

மறுநாள் காலை அவனிடம் சொன்னேன். விளையாட்டுக்குத்தானே என்று வாதாடுவான் என எதிர்பார்த்தேன். அவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"எங்கம்மா சொல்லும்: வெலையக் கூவு, குத்தத்தக் காதுல சொல்லுன்னு. பக்கத்துக் கூடையில மீனு நொந்துகீதுன்னு வெச்சிக்கோ, அம்மா கத்தாது. குனிஞ்சி காதுல சொல்லிட்டு வரும். நான் எல்லாத்தையும் கூவ வுட்டுட்டேன்."

அன்றே மாற்றி எழுதினான். நிரல் வந்தால், சரியாகிவிட்டால், அது மட்டும் குழுவுக்கு. குறைகள் எழுதியவருக்குத் தனியாக, கிண்டல் இல்லாமல். அதோடு விட்டிருந்தால் நல்ல பையன் என்று மட்டும் சொல்லியிருப்பேன். இந்த மாற்றத்தையும் யாராவது ரிவ்யூ செய்ய வேண்டுமே, அதற்கு அவன் எங்கள் தலைவரைக் கேட்கவில்லை. அக்காவின் பெயரைப் போட்டான்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உணவு இடைவேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டும் படித்தார். பிறகு எழுந்து நேராக அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, இடுப்பில் கை வைத்தார்.

"இன்னா மாமு, கலீஜா கீது."

அறையே சிரித்தது. அவன் பேந்தப் பேந்த விழித்தான். அக்கா குனிந்து, மெல்லிய குரலில், லீவில் இருப்பவரையும் இது விடாமல் நச்சரிக்கும் என்று ஒரு வரியைக் காட்டினார். "கரீட்டுக்கா, மாத்திட்றேன்" என்றான். மாற்றியும் காட்டினான்.

அன்று நாங்கள் கிளம்பும் முன் குழுவில் இரண்டு செய்திகள் விழுந்தன. முதலாவது அவனுடைய மாற்றம் சரி என்றது. இரண்டாவது: 'புச்சா ஒண்ணு வந்துகீது. யார் பாக்குறது?' அனுப்பியவர் பெயர் அக்காவுடையது. இத்தனை நாள் அவர் எழுதி வைத்திருந்த வேலை. எல்லாரையும் முந்திக்கொண்டு 'நான்' என்று போட்டேன். படித்துப் பார்த்தேன், ஒரு இடத்தில் தவறு இருந்தது. ஷேர் ஆட்டோவில் சொல்லிக்கொள்ளலாம் என்று கணினியை மூடினேன்.