லெர்கே ஒன்று, பதில் சொல்லவும்

இரண்டு வாரம் முன்பு, சனிக்கிழமை பிற்பகல். எங்கள் கணினி விளையாட்டின் குரல் அரட்டையில் சிவநேசன் அண்ணாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"என்னண்ணே, இவ்ளோ லேட்டு? போர் முடிஞ்சே போச்சு" என்றேன்.

ஒரு பெண் குரல் வந்தது. "நான் அபிராமி, அவரின்ர மகள். அப்பா விடியக்காலமை... ஹார்ட் அட்டாக். உங்கட நம்பர் ஒண்டும் என்னட்ட இல்லை. அதான் அவரின்ர கம்ப்யூட்டரைப் போட்டனான்."

அண்ணா மெல்பேர்னில், மல்கிரேவில் நெட்வொர்க் எஞ்சினியராக இருந்தார். நான் சிட்னி, செவன் ஹில்ஸ். நார்த்மீட்டில் இருக்கும் மலேசியத் தமிழன் சதீஷையும் சேர்த்து மூன்று பேர், கணினியில் இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டை ஆடுவோம். அணிக்கு நான்கு பேர் வேண்டும், நான்காவது ஆள் கடைசிவரை கிடைக்கவில்லை. அண்ணாவை நான் நேரில் பார்த்ததே இல்லை.

நாங்கள் ஆடுவது ஜெர்மானியப் பக்கம். ஜெர்மானியப் போர் விமானிகள் வானொலியில் சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், எதிரி ஒட்டுக்கேட்பான். அணிக்கு ஒரு மறைபெயர், ஆளுக்கு ஓர் எண். எங்கள் அணிக்கு அண்ணா வைத்த பெயர் லெர்கே, அதாவது வானம்பாடி. அவர் ஒன்று, நான் இரண்டு, சதீஷ் மூன்று. ஒன்று வீழ்ந்தால் இரண்டு அந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அது அவர் போட்ட விதி.

"போயும் போயும் நாஜிகளோட விமானமாண்ணே?" என்று முதல் மாதமே கேட்டேன்.

"அவங்கட கொடியை நான் தூக்கேல்லைத் தம்பி. குண்டு போட வாறவனை மேலயே மறிக்கோணும். ஊர்ச் சண்டையில நாங்கள் கீழ, பங்கர்க் குழிக்குள்ள இருந்த ஆக்கள்."

அந்தப் பதில் எனக்கு இன்றும் முழுதாக ஒப்பவில்லை. அவரிடமும் சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்.

ஒவ்வொரு சண்டை முடிந்ததும் எண் சொல்லிக் கூப்பிடுவார். யார் இருக்கிறார் என்று திரையில்தான் தெரிகிறதே என்று நான் எரிந்து விழுவேன். ஒருமுறை சதீஷ் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். அண்ணா நிறுத்தாமல் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிடக் குரல் நடுங்கியது.

"அண்ணே, மேகி வெந்துக்கிட்டு இருக்கு லா! நான் சாகல!" என்று திரும்பி வந்தான் சதீஷ்.

அன்றுதான் சொன்னார். "குண்டு போட்ட பொம்பர் போனாப் பிறகு அம்மா வெளிய நிண்டு எங்களை ஒவ்வொருத்தராக் கூப்பிடுவா. ஒருநாள் என்ர தம்பி பதில் சொல்லேல்லை. அம்மா கூப்பிட்டுக்கொண்டே நிண்டவ. இண்டைக்கும் எனக்குக் கேக்குது. கூப்பிட்டா யாரெண்டாலும் பதில் சொல்லுங்கோடா."

பிறகு வழக்கம்போல "சரி, போட்டு வாறன்" என்று, அதாவது போயிட்டு வரேன் என்று சொல்லி, இணைப்பைத் துண்டித்தார்.

அவர் இறந்த பிறகு, ஒன்றாம் எண் காலியாகவே இருக்கட்டும் என்றேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். விதி விதிதான் என்றான் சதீஷ். சண்டை போட்டுக்கொண்டோம்.

நேற்று இரண்டு பேர் மட்டும் பறந்தோம். சண்டை முடிந்தது. அண்ணாவின் பெயர் விளக்கில்லாமல் பட்டியலின் உச்சியில் கிடந்தது.

"லெர்கே ஒன்று" என்று கூப்பிட்டான் சதீஷ்.

காதில் வெறும் இரைச்சல். மறுபடி கூப்பிட்டான். மூன்றாம் முறை அவன் குரல் நடுங்கியது. அண்ணாவின் நடுக்கம் அப்படியே.

பேசும் பொத்தானை அழுத்தினேன்.

"லெர்கே ஒன்று. இருக்கேன்."

நீங்க போயிட்டு வாங்கண்ணே. கூப்பிட்டால் நான் பதில் சொல்கிறேன்.